பாடையில் படுத்த கன்னையா

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பில் எங்கள் வீட்டுக்கும் கன்னையாவின் வீட்டுக்கும் இடையே இருந்தது ஒரே சுவர். என் மனைவி ரயில்வே அலுவலகத்தில் எழுத்தராக இருந்ததால் எங்களுக்கு அந்த வீடு கிடைத்தது. கன்னையாவோ அவருடைய தந்தையின் காலத்திலிருந்தே அங்கு வாழ்ந்தவர். பணிமனையில் ரயில் பெட்டிகளின் சக்கரங்களை நீண்ட பிடியுள்ள சுத்தியலால் தட்டி, எழும் ஓசையைக் கொண்டே விரிசல் உண்டா இல்லையா என்று சொல்வது அவர் வேலை. இருபத்தாறு ஆண்டுகள் அந்த வேலையைக் குறைவின்றிச் செய்தார். ஆனால் கிள்ளானிலிருந்து செராஸ் வரை அவரை அறிந்திருந்த மக்கள் சக்கரம் தட்டுபவராக அறிந்திருக்கவில்லை. அவர்கள் அவரைப் பிணமாகவே அறிந்திருந்தார்கள்.

மின்சாதனக் கடையில் வேலை பார்த்த வாசு, 1976ஆம் ஆண்டு ‘கோமாளி பாய்ஸ்’ என்னும் இசைக்குழுவைத் தொடங்கினார். தார்ப்பாய்ச்சிக் கட்டிய வேட்டி, அதற்கு மேல் கறுப்புக் கோட்டு, தலையில் சாலைப் பணியாளரின் மஞ்சள் தொப்பி. இந்தக் கோலத்தில் ஆறு பேர் மின்கித்தாரும் டிரம்ஸுமாக ராக் இசை முழக்குவார்கள். திருமணம், கோயில் திருவிழா, பள்ளிகளுக்கு நிதி திரட்டும் விழா என எங்கு போனாலும் கூட்டம் இறுதிவரை காத்திருந்தது ஒரே நிகழ்ச்சிக்காக. அதற்குப் பாடை ஐட்டம் என்று பெயர்.

முகத்தில் வெள்ளைப் பவுடர் அப்பி, மூக்கில் பஞ்சு வைத்து, நாடிக்கட்டுக் கட்டிய கன்னையாவைப் பாடையில் கிடத்தி நால்வர் சுமந்துவந்து மேடையின் முன்பகுதியில் இறக்குவார்கள். இறந்தவர் திருடித் தின்ற கோழிகளை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி வாசு ஒப்பாரி வைப்பார். சிறுவர்கள் மேடையேறிப் பிணத்தின் உள்ளங்காலில் கோழி இறகால் வருடுவார்கள். பிணம் அசையாது. பத்து நிமிடம் ஆனாலும் கண்ணிமை துடிக்காது. பின்னர் டிரம்ஸ் ‘டமார்’ என்று இடிக்கும். பிணம் துள்ளி எழுந்து கித்தாரைப் பிடுங்கிக்கொண்டு ஆடும். அந்தப் பத்து நிமிட அசைவின்மையில்தான் சிரிப்பு முழுவதும் அடங்கியிருந்தது. பாடையின் அருகில் சென்றதுமே முகத்துத் தசைகளைக் கட்டிப்போட்டுவிடக் கன்னையா பழகியிருந்தார். பதினைந்து ஆண்டுகளில் அது அவருக்கு மூச்சு விடுவதைப் போல இயல்பாகிவிட்டது.

அவர் மனைவி நல்லம்மாள் கிள்ளான்காரர். கணவர் பிணமாக நடிப்பதை அவர் தடுக்கவில்லை. ஆனால் ஒரு நிபந்தனை விதித்திருந்தார். மேடையில் பாடையேறிய நாளன்று, சாவு வீட்டுக்குப் போய்வந்தவரைப் போலக் கட்டிய துணியோடு பின்புறக் குழாயடியில் தலை முழுகிய பிறகே வீட்டுக்குள் கால் வைக்க வேண்டும். அக்கம்பக்கத்தார் அதைச் சொல்லிக் கேலி செய்வார்கள்.

“என்னா அண்ணே, இன்னிக்கும் செத்துட்டு வரீங்களா?”

“ஆமாலா. நாளைக்கு காலைல ஷிப்ட் இருக்கு, அதான் சீக்கிரம் உயிர் வந்துருச்சு.”

1991ஆம் ஆண்டு செப்டம்பரில் சுபாங் ஜெயாவில் ஒரு விழா. கன்னையா கடும் காய்ச்சலோடு நடித்துவிட்டுத் திரும்பினார். தெருவில் குழாய் பழுதுபார்த்துக்கொண்டிருந்ததால் அன்று தண்ணீர் இல்லை. முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு வீட்டுக்குள் போய்ப் படுத்துவிட்டார். பதினொன்றாம் நாள், அவர்களுடைய ஒரே மகன் கதிரேசன், பத்தொன்பது வயது, கூட்டரசு நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிளில் போகும்போது லோரி மோதி இறந்தான்.

அந்தச் சாவில் நடந்த ஒன்றை நான் நேரில் கண்டேன். வாய்க்கரிசி போடுவதற்காகக் கன்னையா மகனின் பாடைமேல் குனிந்தார். கூட்டத்தில் நின்ற ஒரு சிறுமி, கோயில் திருவிழாக்களில் அவரைப் பார்த்துப் பழகியவள் போலும், ‘களுக்’கென்று சிரித்துவிட்டாள். அவள் தாய் அவள் வாயைப் பொத்தி வெளியே இழுத்துச் சென்றார். கன்னையா நிமிர்ந்தபோது அவர் முகம் மேடையில் இருப்பதைப் போலவே இறுகியிருந்தது. ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. செராஸ் சுடலையிலும் இல்லை, பதினாறாம் நாள் கருமாதியிலும் இல்லை. “கல்லு மனசுலா இந்த ஆளுக்கு,” என்று உறவினர்கள் என் காதுபடவே பேசிக்கொண்டார்கள்.

கருமாதி முடிந்த மாலை நல்லம்மாள் சொன்னது சுவரைத் தாண்டி எங்களுக்கும் கேட்டது.

“சாவு உங்க பின்னாலயே வீட்டுக்குள்ள வந்துச்சு. நீங்க கூட்டிட்டு வந்தீங்க. பெத்த புள்ளைக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டீங்களா? அதுக்கும் நடிப்பு வரலியா?”

மகனின் படத்துக்கு முன்னால் சூடத்தை அணைத்து, இனிப் பாடையில் படுப்பதில்லை என்று கன்னையா சத்தியம் செய்தார். நல்லம்மாள் அதை ஏற்றுக்கொண்டார். ஆயினும் அன்றோடு கணவரிடம் பேசுவதை நிறுத்திவிட்டார். சமைத்ததும் “சோறு ஆயிருச்சு” என்று சுவரைப் பார்த்துச் சொல்வார். கன்னையா சாப்பிடுவார். இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக அந்த வீட்டில் நான் கேட்ட பேச்சு பெரும்பாலும் அவ்வளவுதான்.

குழுவில் அவர் ஓர் ஓரமாக உட்கார்ந்து போங்கோ மேளம் தட்டிக்கொண்டிருந்தார். பாடையில் வாசுவின் மைத்துனன் படுத்தான். கூட்டம் முன்போலச் சிரிக்கவில்லை.

1994ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ரஷ்ய இராணுவப் பாடகர் குழுவொன்று கோலாலம்பூருக்கு வந்தது. ஐம்பது பேர், சீருடையும் பதக்கங்களுமாக நின்று, இசைக்கருவிகள் மிகச் சிலவற்றோடு தொண்டையையே நம்பிப் பாடுபவர்கள். சோவியத் நாடு சிதறிய பிறகு இப்படிப்பட்ட குழுக்கள் உலகெங்கும் அழைப்பை ஏற்றுப் போய்வந்துகொண்டிருந்தன. இவர்களை வரவழைத்தவர் மீனாட்சிசுந்தரம் என்னும் செட்டியார், இசையில் நாட்டமுள்ளவர். அரங்கு நிரம்பாது என்று தெரிந்ததும் அவர் வாசுவைத் தேடி வந்தார்.

“தம்பி, அம்பது பேரும் தேக்கு மரமாட்டம் நிக்கிறான். பாட்டக் கேட்டா உடம்பு சிலிர்க்குது. ஆனா டிக்கெட் போகல. நம்ம சனத்துக்குச் சிரிப்பு வேணும். உங்க பாடை ஐட்டத்த அவங்க பாட்டோட சேத்துப் போடுங்க.”

“பாஸ், அவங்க சோல்ஜர்லா. பாடையப் பாத்து சுட்டுட்டா?”

“சுட மாட்டாங்க. எங்க ஊரு சாவுச் சடங்கு, ஆட்டமும் இருக்கும்னு சொல்லியிருக்கேன். அவங்க பெரியவரு ரொம்ப மரியாதையாத் தலையாட்டினாரு.”

செட்டியார் சொன்னதில் பொய் இல்லை; முழுமையும் இல்லை. சாவுச் சடங்கு என்று கேட்டதனால் ரஷ்யர்கள் தங்களிடமிருந்த பாடல்களிலேயே மிகவும் துயரமான ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்கள். போருக்குப் போய்த் திரும்பாத மகன்களுக்காகப் பாடப்படும் பாட்டு அது என்று மொழிபெயர்ப்பாளர் பின்னர் சொன்னார். கோமாளி பாய்ஸ் குழுவினருக்கோ பாட்டு எவ்வளவு மெதுவாகப் போகிறதோ அவ்வளவுக்கு ‘டமார்’ எடுபடும் என்ற மகிழ்ச்சி.

ஒத்திகையில் வாசுவின் மைத்துனனால் கிடக்க முடியவில்லை. நரைத்த மீசையும் அகன்ற மார்புமாக ஒரு முதிய பாடகர் பாடைக்கு அருகில் வந்து நின்று, தரையே அதிரும் கீழ்க்குரலில் தனியாகப் பாட வேண்டிய இடம் அது. மைத்துனன் நெளிந்து சிரித்துவிட்டான்.

“டேய், பொணம் சிரிக்குமாடா? எந்த ஊர்லடா பாத்த?”

“மாமா, அந்த ஆளு வாயத் தொறந்தா என் வயித்துக்குள்ள என்னமோ ஓடுது மாமா. முடியலலா.”

மூன்று முறை முயன்றார்கள். மூன்றாம் முறையும் கெட்ட பிறகு, ஓரத்திலிருந்த கன்னையா எழுந்து வந்தார்.

“நான் படுக்கிறேன்.”

வாசு திகைத்தார். “அண்ணே, அக்காவுக்கு சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கீங்க.”

“அவ இங்க எங்க வரப்போறா? பாட்ட ஆரம்பிக்கச் சொல்லு.”

குழுவைக் காப்பாற்றத்தான் அவர் படுத்தார் என்று எல்லோரும் நினைத்தார்கள். காரணம் வேறு என்பதை அவர் பிற்பாடு என்னிடம் சொன்னார். போங்கோவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது அந்தப் பாட்டு அவர் நெஞ்சைப் போய்த் தட்டியதாம். “எம்புள்ளைக்கு யாருமே இப்படிப் பாடலியே சார்னு தோணுச்சு. கிட்டப் போயிப் படுத்துக் கேக்கணும்னு இருந்துச்சு. அதுக்கு எனக்குத் தெரிஞ்ச எடம் பாடை ஒன்னுதான்.”

நிகழ்ச்சியன்று நானும் போயிருந்தேன். ஞாயிறு மாலை, அரங்கு நிரம்பியிருந்தது. என் இருக்கை மாடியில் பின்வரிசையில். ரஷ்யர்கள் தங்கள் பாடல்கள் சிலவற்றைப் பாடினார்கள். கோமாளி பாய்ஸ் மூன்று பாடல்களை முழக்கினார்கள். மஞ்சள் தொப்பிகளுக்குப் பின்னால் இராணுவத் தொப்பிகள் வரிசை வரிசையாக நின்ற காட்சிக்கே மக்கள் கைதட்டினார்கள். பின்னர் பாடை வந்தது. இரண்டு ஆண்டுகளாகப் பாடையில் காணாத கன்னையாவை அடையாளம் கண்டுகொண்ட கூட்டம், அவரைக் கீழே இறக்குவதற்குள்ளாகவே சிரிக்கத் தொடங்கிவிட்டது.

ரஷ்யர்கள் ஐம்பது பேரும் தொப்பிகளைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார்கள். அதற்கும் சிரிப்பு. முதியவர் பாடைக்கு அருகில் வந்து நின்று பாடினார். வாசு கோழிகளின் பெயர்களைச் சொல்லி ஊடே ஒப்பாரி வைத்தார். இரண்டாம் சரணத்தின் முடிவில் டிரம்ஸ் ‘டமார்’ என்றது.

கன்னையா எழவில்லை.

மீண்டும் ஒருமுறை ‘டமார்’. எழவில்லை. கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. மூன்றாவது ‘டமார்’ வீணான பிறகு வாசு ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு, “ஐயோ, ஆளு நெசமாவே போய்ட்டாருலா! யாராச்சும் அவரு வீட்டுக்குப் போன் பண்ணுங்க!” என்றார். அரங்கு அதிர்ந்தது. முதிய பாடகர் மட்டும் பாடையைக் குனிந்து பார்த்தார். தன் குழுவின் பக்கம் திரும்பிக் கையசைத்தார். ஒத்திகையில் இல்லாத மூன்றாம் சரணத்தை ஐம்பது பேரும் பாடினார்கள். அந்தச் சரணமும் முடிந்த பின்னரே கன்னையா எழுந்தார்; கித்தாரைப் பிடுங்கினார்; ஆடினார். நானும் கண்ணில் நீர் வரும்வரை சிரித்துக்கொண்டிருந்தேன்.

மேடையின் பின்புறத்தில் அந்த முதியவர் வந்து கன்னையாவின் கையைத் தம் இரு கைகளாலும் பற்றிக்கொண்டு நெடுநேரம் ஏதோ சொன்னாராம். மொழிபெயர்ப்பாளர் அருகில் இல்லை. மறுநாள் காலையில் அவர்கள் சிங்கப்பூருக்குப் போய்விட்டார்கள்.

பாடையில் கிடந்தபோது கன்னையா அழுதிருக்கிறார். முகம் அசையவில்லை, மூடிய கண்களிலிருந்து நீர் மட்டும் வழிந்து காதுகளுக்குள் இறங்கியிருக்கிறது. குழுவினர் பாடைக்குப் பின்னால் கருவிகளோடு நின்றிருந்தார்கள். பவுடர் கரைந்திருந்ததை வியர்வை என்று எண்ணிக்கொண்டார்கள். கண்டவர் அந்த முதியவர் ஒருவரே.

இதை நல்லம்மாளிடம் சொல்ல வேண்டும் என்று கன்னையா துடித்தார். சொல்வதானால் சத்தியத்தை மீறியதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நாளைக்குச் சொல்லலாம், அடுத்த நாள் சொல்லலாம் என்று பத்து நாட்களுக்கு மேல் கடத்தினார்.

பதினான்காம் நாள், ஞாயிற்றுக்கிழமை நண்பகலில், தொலைக்காட்சியில் அந்த நிகழ்ச்சி வந்தது. ஒளிப்பதிவு செய்ததை அவர் அறிந்திருந்தார். எப்போது காட்டுவார்கள் என்பதை அறிந்திருக்கவில்லை. “அக்கா, அண்ணனை டிவில காட்டுறான்!” என்று யாரோ வாசலில் கத்த, நல்லம்மாள் தொலைக்காட்சி இருந்த எங்கள் வீட்டுக் கூடத்தில் வந்து நின்றார். அவருக்குப் பின்னாலேயே ஓடிவந்த கன்னையாவும் வாசற்படியில் நின்றுவிட்டார்.

ஒரு மணி நேர நிகழ்ச்சியை இருபது நிமிடமாக வெட்டியிருந்தார்கள். பாடை வந்தது, பவுடர் அப்பிய முகம் தூரத்தில் ஒரு வெள்ளைப் புள்ளியாகத் தெரிந்தது. முதியவர் பாடியது அரை நிமிடம். உடனே ‘டமார்’; உடனே கன்னையா துள்ளி எழுந்தார். இடையில் இருந்த எல்லாவற்றையும் நீக்கிவிட்டிருந்தார்கள். கூட்டத்தின் சிரிப்பை மட்டும் முழுமையாக வைத்திருந்தார்கள்.

நல்லம்மாள் திரும்பினார். இரண்டு ஆண்டுகளில் முதன்முறையாகக் கணவரின் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

“நல்லாத்தான் நடிச்சிருக்கீங்க.”

மறுநாள் காலையில் அவர் கிள்ளானுக்குப் போய்விட்டார். அங்கே அவருடைய அண்ணன் தம்புசாமிக்கு மளிகைக்கடையும் அதன் மேல்மாடியில் வீடும் இருந்தன.

அந்த வாரம் முழுவதும் கன்னையா வேலைக்குப் போகவில்லை. சனிக்கிழமை மாலை என்னிடம் வந்து நடந்ததையெல்லாம் சொன்னார். பிறகு, “சார், நீங்க அன்னிக்கு அங்க இருந்தீங்க. நான் அழுததப் பாத்தேன்னு நீங்க ஒரு வார்த்த சொன்னா அவ நம்புவா. நீங்க பொய் சொல்ல மாட்டீங்கன்னு அவளுக்குத் தெரியும்,” என்றார்.

 ஞாயிறன்று நான் அவரோடு கிள்ளானுக்குப் போனேன்.

கடையின் பின்புறத்தில் வெங்காய மூட்டைகளுக்கு நடுவில் எங்களை உட்கார வைத்தார்கள். நல்லம்மாள் நின்றுகொண்டே கேட்டார். கன்னையா ஒத்திகையிலிருந்து தொடங்கித் தட்டுத்தடுமாறி எல்லாவற்றையும் சொன்னார். கண்ணீரைப் பற்றிச் சொன்னதும் நல்லம்மாள் என் பக்கம் திரும்பினார்.

“நீங்க பாத்தீங்களா சார்?”

வருகிற வழியெல்லாம் இந்தக் கேள்விக்கான விடையைத்தான் நான் யோசித்துக்கொண்டிருந்தேன். கன்னையா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நான் மாடியில் இருந்தேன், அம்மா. அவ்வளவு தூரத்திலிருந்து தெரியவில்லை. ஆனால் டிரம்ஸ் மூன்று முறை அடித்தும் அவர் எழாததைப் பார்த்தேன்.”

“அப்ப நீங்க என்ன செஞ்சீங்க?”

“சிரித்தேன்.”

 நல்லம்மாள் கணவரைப் பார்த்தார்.

“இங்க யாரும் சிரிக்கப் போறதில்ல. நம்ம புள்ளையப் பத்தித்தானே பேசுறோம்? இப்ப அழுங்க.”

கன்னையா எழுந்து நின்றார். வாய் திறந்தது, உதடு ஒருமுறை கோணியது. அதன்பிறகு, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அவர் முகம் மெல்ல மெல்ல அடங்கி அசைவற்றுப் போயிற்று.  கடையில் யாரோ உளுந்து விலை கேட்கும் குரல் வந்தது. நல்லம்மாள் மாடிப்படி ஏறிப் போய்விட்டார்.

தம்புசாமி எங்களைப் பேருந்து நிலையம்வரை கொண்டுவந்து விட்டார். “மாப்ள, கொஞ்ச நாள் போகட்டும்லா,” என்றார். கன்னையா தலையசைத்தார்.

மூன்று நாட்கள் கழித்து அவர் ஒரு வெள்ளைத்தாளோடு என் வீட்டுக்கு வந்தார். அந்த முதிய பாடகருக்கு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதித் தர வேண்டும் என்றார்.

“என்ன எழுத வேண்டும்?”

“அன்னிக்கி என் மொகத்துல என்னா பாத்தாரோ, அத எழுதி அனுப்பச் சொல்லுங்க. கூட்ட வேணாம், கொறைக்க வேணாம்.”

அவருடைய பெயர் எங்களுக்குத் தெரியாது. ‘நரைத்த மீசையுடைய, பாடைக்கு அருகில் நின்று பாடிய பெரியவருக்கு’ என்றே எழுதி ரஷ்யத் தூதரகத்துக்கு அனுப்பினேன். கடிதத்தை உரிய இடத்துக்கு அனுப்பிவைத்ததாகத் தூதரகத்திலிருந்து பண்பான பதில் வந்தது. அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. ஆறு மாதம் கழித்து இன்னொரு கடிதம் எழுதினேன். 1995இல் மூன்றாவது கடிதம். கன்னையா கோமாளி பாய்ஸ் குழுவை விட்டு விலகிவிட்டார். அவர் இல்லாமல் ஓராண்டு ஓடிய குழு, பிறகு கலைந்தது. அவர் பணிமனைக்குப் போவார், சக்கரங்களைத் தட்டுவார், திரும்புவார், தபால் வந்ததா என்று என் மனைவியிடம் கேட்பார், தாமே சோறு சமைத்துக்கொள்வார்.

என் மகள் கிள்ளானில் திருமணமாகிப் போனதால் நான் மாதம் ஒருமுறை அங்கே செல்ல நேர்ந்தது. ஒருமுறை தம்புசாமியின் கடையில் நல்லம்மாளே தராசின் முன் உட்கார்ந்திருந்தார். கடிதம் எழுதியதை அவர் தம் அண்ணன் மூலம் அறிந்திருந்தார். நான் வாங்கிய பருப்பைப் பொட்டலம் கட்டி நீட்டினார். ஆனால் கையை உடனே எடுக்கவில்லை.

“அந்த ரஷ்யாக்காரர்கிட்டேருந்து தபால் வந்துச்சா சார்?”

“இல்லை, அம்மா.”

“வந்தா மொதல்ல எங்கிட்ட கொண்டாந்து காட்டுங்க. என்னா எழுதியிருந்தாலும் சரி.”

அதற்குப் பிறகு நான் போகும்போதெல்லாம் அவர் கேட்டார். நான்காண்டுகள் கேட்டார். இல்லை என்று சொல்ல வேண்டியிருக்குமே என்பதால் நான் எதிர்ச்சாரியில் நடந்து போய்விட்ட நாட்களும் உண்டு. அப்போதும் அவர் கடைக்குள்ளிருந்து எழுந்து வாசலுக்கு வந்து, சாலையைத் தாண்டி என் முகத்தைப் பார்ப்பார். நான் தலையை அசைப்பேன். அவர் உள்ளே போய்விடுவார்.